நடுவில் வளையும் கோடு

கேமரா கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை என்று அவருக்கு ஒரு நினைப்பு. பரவாயில்லை, எழுதுகிறேன். சென்சார் அளவு, மெகாபிக்சல், எந்த லென்ஸ் எந்த பாடிக்குப் பொருந்தும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாடிக்கையாளருக்கோ உங்களைவிட நன்றாகத் தெரியும். யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் அவர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள நம் கடைக்கு பஸ் ஏறுகிறார். அதனால் கேமராவை விட்டுவிட்டு அதை வாங்க வருகிறவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கவுண்டருக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "ஆம்பள யாரும் இல்லையாம்மா?" என்பார்கள். "டீ குடிக்கப் போயிருக்காங்க. வர்ற வரைக்கும் இதக் கையில வச்சிகினு இருங்க" என்று ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். எரிச்சலில் ஆரம்பித்த பழக்கம் அது. போகப்போக அதுவே என் வேலைமுறை ஆகிவிட்டது. பேச்சுக் கொடுக்காமல் கேமராவைக் கொடுத்துப் பாருங்கள், மனிதர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுவார். சுண்டு விரல் பிடிக்க இடமில்லாமல் தொங்குகிறதா, கை நடுங்குகிறதா, எந்தக் கண்ணுக்குக் கொண்டுபோகிறார், மூக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். எவ்வளவில் வேண்டும் என்று அதற்குப் பிறகு கேட்டால் போதும். கைக்குப் பழகாத கேமரா ஒரு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும். ஆசைப்பட்டுப் பெரிய லென்ஸ் வாங்கிப்போய், கழுத்தில் தைல வாசனையோடு திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் வியாபாரத்துக்கு. இனிமேல் சொல்லப்போவது வியாபாரத்தில் சேராது. ஆனால் எனக்கு இந்தக் கடையை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது இதுதான், அதுவும் சந்தோஷமாக வருவதில்லை.

நம் கடையில் நீங்கள் நிற்கிறீர்களே, அந்தத் தரையைப் போட்டவர் செல்வராசு. டைல்ஸ் கான்ட்ராக்டர். சொந்த ஊர் குமராட்சிப் பக்கம், குடியிருப்பது சிதம்பரத்தில். தரை வேலைக்கு வந்தபோது ஷோகேஸைப் பார்த்துப் பார்த்துதான் அவருக்குக் கேமரா ஆசை வந்தது. வேலை முடிந்ததும் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை என்னிடமே வாங்கினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோபுரம், கொள்ளிடக் கரை, இல்லாவிட்டால் யாராவது கட்டி முடித்த வீட்டின் படிக்கட்டு. அவர் எடுத்த படங்களில் ஆட்களே இருக்க மாட்டார்கள். தூண், சுவர், வாசல், எல்லாம் நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். கோபுரம் அரை விரல் சாய்ந்திருந்தாலும் அந்தப் படத்தை அழித்துவிடுவார். "வீட்டுக்காரம்மாவ ஒரு படம் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டால், "அவ நேரா நிக்க மாட்றாக்கா" என்பார். கூட வந்திருக்கும் வசந்தா, ஃபேனுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் விழாததுபோல முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பாள்.

அவர்தான் ஒருநாள் லென்ஸைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். "கோடு வளையுதுக்கா" என்றார். அகலமாகக் காட்டும் லென்ஸ்களில் ஓரத்துக் கோடுகள் கொஞ்சம் வளையத்தான் செய்யும், உங்களுக்கே தெரியும். நான் அதைச் சொல்லி, வளைக்காத லென்ஸ் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். சில வாரங்களில் அதையும் கொண்டுவந்துவிட்டார். இதிலும் வளைகிறதாம்.

அவர் எடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. காட்டினேன். அதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். கேமராவுக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் வளைவைச் சரிசெய்துதான் படத்தைச் சேமிக்கிறது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவதுதான் லென்ஸின் உண்மையான லட்சணம் என்றார். இப்படி ஒரு விஷயம் உண்டு என்பதுதான் கொடுமை. ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால் கண்ணைக் கசக்கிவிட்டு டாக்டரிடம் போயிருப்பார். கொஞ்சம் கற்றுக்கொண்டவர் என்பதால் லென்ஸின் மேல் பழியைப் போட்டார்.

அந்த முறை அவர் வந்தது தை மாத ஆரம்பத்தில். வசந்தா பையோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். நம் ஷோகேஸில் விலை அதிகம் என்று யாரும் தொடாமல் கிடந்த லென்ஸ் ஒன்றை அவர் கேட்டார். கல்லாவில் இருந்த முதலாளியின் முகம் மலர்ந்துபோனது. நான் லென்ஸை எடுக்காமல், "எங்க வளையுது, ஓரத்துலயா?" என்று கேட்டேன்.

"ஓரம்லாம் நேராத்தான் இருக்கு. நடுவுலதான்."

எனக்குச் சுருக்கென்றது. எந்த லென்ஸும் ஓரத்தைத்தான் வளைக்கும். நட்ட நடுவில் மட்டும் வளைக்கிற லென்ஸை நான் பார்த்ததில்லை. கேமராவை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். வியூஃபைண்டர் ஓரத்தில் கண்ணாடிப் பவருக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ளும் குட்டிச் சக்கரம் இருக்கிறதல்லவா, அதைக் கடைசிவரை திருப்பி வைத்திருந்தார். அதற்கு மேல் திருப்ப இடமே இல்லை.

வாசலுக்குக் கூட்டிப்போனேன். எதிர்க்கடை அன்று லீவு, ஷட்டர் இறக்கியிருந்தது. இரும்பு ஷட்டரில் வரிசை வரிசையாகக் கோடு. "அதப் பாருங்க" என்றேன். வழக்கம்போல வலது கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"தோ, நடுவுல உள்ள வாங்குது பாருங்க."

"இப்ப இடது கண்ணுல வைங்க."

சிரித்துக்கொண்டே மாற்றினார். பிறகு மறுபடி வலது கண்ணுக்குக் கொண்டுபோனார், மறுபடி இடது கண்ணுக்கு. கேமரா அதேதான், லென்ஸும் அதேதான்.

"கேமராவ எங்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். "இடது கண்ண மூடிகினு, நம்ம கடைத் தரையப் பாருங்க."

பார்த்தார். அவர் போட்ட தரை. முகம் சுண்டிவிட்டது. "இங்க ஒரு டைல் எறங்கியிருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டே குந்தி உட்கார்ந்தார். இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். தரை மட்டமாகத்தான் இருந்தது. விரலுக்குத் தெரிந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வேல செய்யிற சைட்டுல தெரியலியா?" என்று கேட்டேன்.

"மட்டம் பாக்க லேசர் லெவல் வந்ததுலேர்ந்து ஒத்தக் கண்ணால யாருக்கா பாக்குறா? ரெண்டு கண்ணும் தொறந்து பாத்தா எல்லாம் நேராத்தான இருக்கு."

நான் டாக்டர் இல்லை. பெரிய படிப்பும் இல்லை. ஆனாலும் இது கண்ணாடி மாற்றினால் போகிற விஷயம் இல்லை என்று எனக்குப் பட்டது. "இன்னிக்கே பாண்டிச்சேரி போங்க. பெரிய கண் ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றேன்.

"தை முடியட்டும்க்கா. மாசம் பூரா கிரகப்பிரவேசம். சிதம்பரத்துல மூணு வீடு பாதியில நிக்குது." எழுந்து நின்று வேட்டியைத் தட்டிவிட்டார். பிறகு குரலை இறக்கினார். "வீட்ல சொல்லிடாதீங்க. மச்சான் எங்கிட்டதான் வேல பாக்குறான். அவ காதுக்குப் போனா அவன் காதுக்குப் போயிடும். டைல்ஸ் போடறவனுக்குக் கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா எவன் சைட்டு குடுப்பான்? என் பொழப்பே இதுதான்க்கா."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் பின்னால் போனார். சரியாக அந்த நேரம் பார்த்து, கீரைக்கட்டு வெளியே தெரிய பையைத் தூக்கிக்கொண்டு வசந்தா படியேறினாள். "என்னாக்கா, லென்ஸு முடிஞ்சிதா?" என்று நாற்காலியை இழுத்தாள்.

யோசிக்க எனக்குக் கிடைத்தது அவர் முகம் கழுவுகிற நேரம்தான். சொன்னால் அவர் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால் தை முடியும்வரை அந்தக் கண் என்ன ஆகுமோ தெரியாது. முதலாளி வேறு கல்லாவிலிருந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பாற்றுவது பெரிய குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கவுண்டரைவிட்டு வெளியே வந்து, அவள் பக்கத்தில் குனிந்து, நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

செல்வராசு ஈர முகத்தோடு வந்தார். வசந்தா அவரைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, "நீங்க லென்ஸு விக்கிறீங்களா, ஊரு வம்ப விக்கிறீங்களா?" என்றார். கடையில் அத்தனை பேர் முன்னால். வசந்தா பையை எடுத்துக்கொண்டாள். "பாண்டி பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். அவர்கள் போனதும் முதலாளி, "நீ என்னா டாக்டரா?" என்றார்.

பிறகு வசந்தா போனில் சொல்லித்தான் எனக்கு மீதி தெரியும். விழித்திரையின் நடுவில் கசிந்து நீர் கட்டியிருந்ததாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். வலது கண்ணின் நடுப்பகுதியில் பார்வை திரும்பி வரவில்லை. இடது கண்ணுக்கும் இது வரலாம் என்று கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, இதைத் தினமும் பார்த்து, ஒரு கோடு வளைந்தாலும் உடனே ஓடிவரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். செல்வராசு அட்டையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தார். "அட்ட எதுக்கு? என் வீட்டுத் தரைய நான்தான் போட்டேன், அதப் பாத்தாப் போதும்" என்றாராம். காலையில் எழுந்ததும் வலது கண்ணை மூடிக்கொண்டு அடுப்படித் தரையைப் பார்த்து, "நேரா இருக்குடி" என்பார். அதற்குப் பிறகுதான் வசந்தா அடுப்பைப் பற்றவைப்பாள்.

அவர் பயந்தது அப்படியே நடந்தது. விஷயம் மச்சான் காதுக்குப் போனது. மச்சான் கெட்டவன் இல்லை, மாமாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று சைட்டில் நாலு பேரிடம் வருத்தப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வேலையை மச்சான் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். செல்வராசு போட்டு முடித்த ஒரு வீட்டில், ஒரு குறையும் இல்லாத தரையை லெவல் வைத்து மறுபடி சோதித்தார்களாம். இதையெல்லாம் கேட்டபிறகு எனக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியாகச் செய்தால் மனது லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அவர் மறுபடி கடைக்கு வந்தது மழைக்காலத்துக்கு முன்னால். வசந்தா இல்லாமல் தனியாக வந்தார். பழைய டிஎஸ்எல்ஆரைக் கவுண்டரில் வைத்து, "இடது கண்ணுக்கு ஒத்து வர்றாமாதிரி ஒண்ணு காட்டுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வலது கண்ணால் பார்த்துப் பழகியவர் இடது கண்ணுக்கு மாறுவது எழுதுகிற கையை மாற்றுவதுபோல. மூக்கு திரையின் நடுவில் போய் அழுந்துகிறது. தொடுதிரையாக இருந்தால் மூக்கு பட்டே ஃபோகஸ் எங்கெங்கோ ஓடிவிடும். கட்டை விரல் கன்னத்தில் இடிக்கும். ஒன்றொன்றாகக் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் நின்றேன். பின்பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கும் வியூஃபைண்டர் உள்ள மிரர்லெஸ் கேமரா ஒன்று அவருக்கு ஒத்துவந்தது. தொடுதிரையை அணைத்து வைத்தேன். முகத்தை அதுவே தேடி ஃபோகஸ் செய்துகொள்ளும் வசதியைப் போட்டுக் காட்டினேன். மத்தியானம் முழுக்க வாசலில் நின்று, எதிர்க்கடை ஷட்டரையும் போகிற வருகிறவர்களையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, "நீங்க வீட்ல சொன்னது தப்புதான்க்கா" என்றார்.

"சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல." கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "அவளத்தான் எடுக்கணும்னு இருக்கேன் இனிமே. கோபுரம் எங்க போயிடப் போவுது."

தலையை மட்டும் ஆட்டினேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மீதியைச் சொல்கிறேன். விற்றதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் என்ன எடுக்கிறார் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். குறை சொல்வதற்கோ பாராட்டுவதற்கோ பார்க்க வேண்டாம். படம் எடுத்தவரின் உடம்பும் மனதும் எங்கே இருக்கின்றன என்று அதில் தெரியும், அவர் வாயால் சொல்லாததும் தெரியும்.

நான் ஓய்வு பெறப்போகிற சமயம், வசந்தா தனியாக வந்தாள். மகள் வீட்டுக்கு அனுப்பப் படங்களை பிரிண்ட் போடவேண்டும் என்று மெமரி கார்டைக் கொடுத்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்னைக்கு இப்போது முகத்தில் தெளிவு இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தன்னைக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கிறார் என்று வெட்கத்தோடு சொன்னாள்.

பிரிண்ட் போடும் பெண் படங்களைத் திரையில் ஓடவிட்டாள். முதலில் எடுத்தவை அழகாக இருந்தன. கீழ வீதியில் வசந்தா, கோபுரத்துக்கு முன்னால் வசந்தா, கொள்ளிடக் கரையில் காற்றுக்குப் புடவையைப் பிடித்துக்கொண்டு வசந்தா. எல்லாவற்றிலும் நட்ட நடுவில் நிற்கிறாள், நேராக. செல்வராசுவின் படங்கள்தான் என்று யாரும் சொல்லிவிடலாம்.

கடைசி மாதத்துப் படங்கள் வேறு மாதிரி இருந்தன. வசந்தா இடது ஓரத்தில் நிற்கிறாள். அடுத்த படத்திலும் ஓரம். அதற்கடுத்ததிலும். நடுவில் வெறும் சுவர், இல்லாவிட்டால் வானம், இல்லாவிட்டால் வெறும் ரோடு. முகம் மட்டும் துல்லியமாக இருந்தது, அது கேமராவே தேடிப் பிடித்தது.

"நடுவுல ஒண்ணுமே இல்லாம விட்டுருக்காரு, நல்லா ஆர்ட்டா இருக்குக்கா" என்றாள் பிரிண்ட் போடும் பெண்.

நான் வசந்தாவிடம் கேட்டேன். "ஏன் இப்பிடி ஓரத்துல நிக்கிற?"

"நானா நிக்கிறேன்? நடுவுல நின்னா, தள்ளிப் போ தள்ளிப் போங்கிறாரு. அங்க நின்னாத்தான் நீ நல்லா தெரியிறங்கிறாரு."

அவர் இப்போது படம் எடுப்பது இடது கண்ணால் பார்த்து என்பது எனக்கு உறைத்தது. "காலையில தரையப் பாக்குறாரா?" என்று கேட்டேன்.

"தெனம் பாக்குறாரே. நேரா இருக்குடின்னு சொல்லுவாரு."

"வசந்தா, பிரிண்டு அப்புறம் வாங்கிக்கலாம். வீட்டுக்குப் போயி அவரக் கூட்டிகினு இன்னிக்கே பாண்டிக்குப் போ."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். ஓரத்தில் நிற்கும் தன்னைப் பார்த்தாள், நடுவில் இருந்த வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமா எம் மூஞ்சப் பாத்தே பேச மாட்றாருக்கா. பக்கத்துல இருக்கிற செவுத்தப் பாத்துதான் பேசுறாரு. அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கு இழுத்துகினு போனதுல வந்த கோவம் இன்னும் தீரலன்னு நெனச்சிகினு இருந்தேன்."